குரல் வாக்கெடுப்பில் பெயர் இருக்காது, அதற்காக 2,500 ரூபாய் கொடுக்காதீர்கள்

டெல்டா பகுதி விவசாயி ஒருவர் கேட்கிறார்: "2020-இல் வேளாண் சட்டங்கள் வந்தபோது எங்கள் எம்.பி.யாக இருந்தவர், தான் எதிர்த்து ஓட்டுப் போட்டதாகச் சொல்கிறார். அவர் ஓட்டே போடவில்லை என்கிறார்கள் எதிர்த்தரப்பினர். தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதுபவர் ஒருவர், ஆர்.டி.ஐ. (தகவல் உரிமைச் சட்ட) மனு போட்டு சீல் வைத்த ஓட்டுப் பதிவு வாங்கித் தருவதாக 2,500 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?"

கொடுக்காதீர்கள் ஐயா. அவர் வாங்கித் தருவதாகச் சொல்லும் பதிவு எங்கேயும் இல்லை.

மக்களவையில் மசோதா நிறைவேறும்போது சபாநாயகர் "ஆதரிப்பவர்கள் ஆம் என்க, எதிர்ப்பவர்கள் இல்லை என்க" என்பார். எந்தப் பக்கம் சத்தம் அதிகம் என்று அவருக்குப் படுகிறதோ அதுவே முடிவு. இதுதான் குரல் வாக்கெடுப்பு. யார் எந்தப் பக்கம் குரல் கொடுத்தார் என்று எவரும் எழுதி வைப்பதில்லை. யாராவது எழுந்து 'டிவிஷன்' கேட்டு, அது ஏற்கப்பட்டால்தான் உறுப்பினர்கள் பொத்தானை அழுத்துவார்கள், பெயரும் பதிவாகும்.

நீங்கள் கேட்கும் வேளாண் மசோதாக்கள் 2020 செப்டம்பரில் மக்களவையில் குரல் வாக்கில்தான் நிறைவேறின. செப்டம்பர் 20 அன்று மாநிலங்களவையில் எதிர்க்கட்சிகள் டிவிஷன் கேட்டும் நடக்கவில்லை. அமளிக்கிடையே குரல் வாக்கிலேயே முடித்தார்கள். மறுநாள் எட்டு உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். 2021 நவம்பர் 29 அன்று அதே சட்டங்களைத் திரும்பப் பெற்றபோதும் விவாதமும் இல்லை, பெயர்ப் பதிவும் இல்லை. கோடிக்கணக்கான விவசாயிகளின் வயிற்றைத் தொடும் ஒரு சட்டத்துக்கு, யார் கை தூக்கினார் என்ற குறிப்புகூட இல்லாமல் போவது எனக்கு இன்றும் ஆறவில்லை. ஊராட்சிக் கூட்டத் தீர்மானப் புத்தகத்திலேயே கையெழுத்து இருக்கிறதே!

ஆகவே உங்கள் எம்.பி. சொல்வதையும் நிரூபிக்க முடியாது, எதிர்த்தரப்பு சொல்வதையும் நிரூபிக்க முடியாது. அன்று அவர் பேசியிருந்தால் அந்தப் பேச்சு அவைக் குறிப்பில் இருக்கும். அதை நாடாளுமன்றத்தின் 'சன்சத்' இணையதளத்தில் காசில்லாமல் படிக்கலாம்.

மனு எழுதுபவர் விஷயத்துக்கு வருகிறேன். ஆர்.டி.ஐ. மனுவுக்குக் கட்டணம் 10 ரூபாய். அலுவலகத்திடம் இருக்கும் தகவலைத்தான் அந்தச் சட்டத்தில் கேட்க முடியும். இல்லாததை உருவாக்கித் தரச் சொல்ல முடியாது. இப்படிக் காசு கொடுத்து வாங்கிய ஒரு காகிதக் கட்டை என்னிடம் ஒருவர் கொண்டுவந்து காட்டினார். நாற்பது பக்கம், ஒவ்வொன்றிலும் வட்ட முத்திரை. பிரித்துப் பார்த்தால் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் அவைக் குறிப்பின் பிரிண்ட் அவுட். அதிலும் மஞ்சள் கோடு போட்டிருந்த பெயர் அவருடைய எம்.பி.யே இல்லை, வேறு மாநிலத்தில் அதே பெயர் கொண்டவர். அவைக் குறிப்பின் பெயர்ப் பட்டியலில் இனிஷியல் பின்னால் வரும், 'பாலு, ஸ்ரீ டி.ஆர்.' என்பதுபோல. பழக்கமில்லாதவர்கள் தவறிவிடுவார்கள். எம்.பி. கோட்டாவில் கேந்திரிய வித்யாலயா சீட் என்று காசு பிடுங்குவதும் இதே கூட்டம்தான். அந்தக் கோட்டாவை 2022-லேயே எடுத்துவிட்டார்கள். பிள்ளையைப் படிக்கவைக்கும் ஆசையில் இன்னும் ஏமாறுகிறார்கள். பெரிய மனிதர் பெயரைச் சொல்லி யார் காசு கேட்டாலும் ரசீது கேளுங்கள். பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

ஒரு விதிவிலக்கைச் சொல்ல வேண்டும். அரசியல் சட்டத் திருத்த மசோதா என்றால் குரல் வாக்கு செல்லாது. மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல், வந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு என்று இரண்டு கணக்கும் தேறவேண்டும். எண்ணாமல் இதைச் சொல்ல முடியாது, ஆகவே டிவிஷன் நடந்தே தீரும். மகளிர் இடஒதுக்கீட்டுக்கு 2023 செப்டம்பர் 20 அன்று மக்களவையில் ஆதரவு 454, எதிர்ப்பு 2. முடிவை அறிவிக்கும்போது 'திருத்தத்துக்கு உட்பட்டு' என்றுதான் சொல்வார்கள். பொத்தான் வேலை செய்யாதவர்கள் சீட்டில் எழுதிக் கொடுத்த வாக்கு அடிக்குறிப்பில் இருக்கும், ஆகவே அடிக்குறிப்பு வரை படியுங்கள். இந்தப் பட்டியலை வைத்தும் அவசரப்பட்டு முடிவுக்கு வரக்கூடாது. பொருளாதாரத்தில் பின்தங்கிய பொதுப்பிரிவினருக்கான 10 சதவீத இடஒதுக்கீட்டை 2019 ஜனவரி 8 அன்று மக்களவையில் 323-க்கு 3 என்று நிறைவேற்றினார்கள். அ.தி.மு.க. அதை எதிர்த்துப் பேசி வெளிநடப்பு செய்தது. 'எதிர்ப்பு' என்ற தலைப்பின் கீழ் தேடினால் அவர்கள் பெயர் இருக்காது. பட்டியலில் பெயர் இல்லை என்றால் வெளிநடப்பா, விடுப்பா, அலட்சியமா என்று அன்றைய பேச்சையும் சேர்த்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

பெயர் பதிவானாலும் அது பெரும்பாலும் கட்சியின் வாக்குதான். 1985-இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி, கொறடா, அதாவது எப்படி வாக்களிக்க வேண்டும் என்று கட்சி சார்பில் சொல்பவர், போடும் உத்தரவை மீறி வாக்களித்தாலும், வாக்களிக்காமல் இருந்தாலும், கட்சி 15 நாளுக்குள் மன்னிக்காவிட்டால் பதவி போகும். பின்வரிசை எம்.பி. தன் மனசாட்சிப்படி வாக்களித்தாரா என்று தேடுவது வீண் வேலை.

அவர் சொந்தமாக உழைத்தாரா என்பது கேள்விகளில் தெரியும். மக்களவையில் ஒரு நாளைக்கு, அமைச்சர் அவையிலேயே வாயால் பதில் சொல்லும் நட்சத்திரக் கேள்வி 20, எழுத்துப் பதில் மட்டும் வரும் கேள்வி 230. எத்தனை கேட்டார் என்ற எண்ணிக்கையைப் போட்டு நோட்டீஸ் அடிப்பவர்களை நம்பாதீர்கள். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்து ஒரே பதில் தருவார்கள், மேலே பல பெயர்கள் வரிசையாக இருக்கும். உங்கள் ஊர் வாய்க்கால், பயிர்க் காப்பீடு, கொள்முதல் நிலையம் பற்றி ஏதாவது இருக்கிறதா என்று படியுங்கள். துறைவாரியாக எம்.பி.க்கள் அமர்ந்து ஆராயும் நிலைக்குழுக்களின் அறிக்கை இணைப்பில் கூட்டத்துக்கு வந்தவர் பெயர் இருக்கும், அதையும் பாருங்கள்.

அமைச்சராக இல்லாத எம்.பி. தானே கொண்டுவரும் தனிநபர் மசோதாவை மட்டும் வைத்து யாரையும் எடை போடாதீர்கள். 1970-க்குப் பிறகு அப்படி ஒன்றுகூடச் சட்டமாகவில்லை. தி.மு.க. எம்.பி. திருச்சி சிவா கொண்டுவந்த திருநங்கையர் உரிமை மசோதா 2015 ஏப்ரலில் மாநிலங்களவையில் நிறைவேறியதே பல பத்தாண்டுகளில் முதல்முறை. மக்களவையில் அதுவும் நின்றுபோனது.

இப்போது செய்யவேண்டியது இதுதான். வீட்டில் படிக்கிற பிள்ளையை உட்காரவைத்து, 2020 செப்டம்பர் 17-ஆம் தேதி அவைக் குறிப்பில் உங்கள் எம்.பி. பெயரைத் தேடச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் இனிஷியலைப் பின்னால் போட்டும் ஒருமுறை தேடுங்கள். அவர் பேசியிருந்தால் அந்தப் பக்கத்தை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தொகுதிப் பிரச்சினைகளை அவையின் கவனத்துக்குக் கொண்டுவர உறுப்பினர்கள் பயன்படுத்தும் மக்களவை விதி 377-இன் கீழ் உங்கள் பகுதிப் பிரச்சினை எதையாவது எழுப்பியிருந்தால், அதற்கு அமைச்சரிடமிருந்து வந்த பதில் கடிதத்தின் நகலைக் கேட்டு அவருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்.