கேட் வரை போய்த் திரும்பியவருக்கு

கேள்வி: வணக்கம் சார். எனக்கு வயது 42. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். பள்ளிக்கூட ஆண்டு விழா என்றால் நாடகத்துக்கு முதலில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். கட்டபொம்மன் வசனம் இன்றைக்கும் ஒரு வரி விடாமல் சொல்வேன். அப்புறம் வேலை, கல்யாணம், வீட்டுக் கடன் என்று காலம் ஓடிவிட்டது. ஞாயிறு காலையில் மூன்று மணி நேரம் நடக்கும் நடிப்பு வகுப்பு ஒன்றைப் பற்றிக் கேள்விப்பட்டு, போன மாதம் விசாரிக்கப் போனேன். கேட்டுக்கு வெளியே பைக்கை நிறுத்திப் பார்த்தால், உள்ளே எல்லோரும் இருபது, இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள். அப்படியே திரும்பி வந்துவிட்டேன். இன்னொரு இடத்தில் போனில் கேட்டதற்கு, "ஒரு லட்சத்து இருபதாயிரம் கட்டுங்க, போர்ட்ஃபோலியோ எடுத்து ஆறு மாசத்துல படத்துல அறிமுகம் பண்ணிடறோம்" என்றார்கள். மனைவியோ, "வீட்ல நடிக்கிறது போதாதா?" என்று சிரிக்கிறாள். பத்தாவது படிக்கும் மகள் மட்டும் என் பக்கம். சினிமா ஆசை இல்லை என்றால் பொய். அது ஒன்றுதான் ஆசை என்றாலும் பொய். இந்த வயதில் இதெல்லாம் தேவையா சார்?
பெயர் வெளியிட விரும்பாத வாசகர், அம்பத்தூர்

பதில்: தம்பி, பைக்கை நிறுத்தினேன் என்கிறீர்களே, ஸ்டாண்டு போட்டீர்களா, இல்லை இன்ஜினை அணைக்காமலே எட்டிப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிட்டீர்களா? ஸ்டாண்டு போட்டிருந்தால் பாதி சேர்ந்த மாதிரிதான்.

"தேவையா" என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் தெருவிலேயே நாற்பது வயதுக்காரர்கள் நாலு பேர் ஞாயிறு காலை ஷட்டில் ஆடப் போவார்கள். இந்தியாவுக்கு ஆடப் போகிறாயா என்று அவர்களை யாரும் கேட்பதில்லை. வியர்க்க விறுவிறுக்க ஆடிவிட்டு, வழியில் இட்லி சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வருகிறார்கள். நடிப்பு வகுப்பு என்றால் மட்டும் உடனே சினிமாவா, சீரியலா, எப்போது டிவியில் வருவாய் என்று ஆரம்பித்துவிடுகிறோம். கேட்பவர்களை விடுங்கள், நாமே நம்மை அப்படித்தான் கேட்டுக்கொள்கிறோம்.

வயதுக்கு வருகிறேன். உங்களுக்குத் தைரியம் சொல்கிற எல்லோரும் விஜய் சேதுபதி கதையைச் சொல்வார்கள். கூத்துப்பட்டறை என்ற சென்னை நாடகக் குழுவில் கணக்கு எழுதப் போனவர், அங்கே நடிகர்களைப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டவர், நீங்களும் கணக்குதானே பார்க்கிறீர்கள் என்பார்கள். கதை உண்மைதான். ஆனால் அது உங்களுக்குப் பொருந்தாது. அவர் அப்போது இளைஞர், நடிப்பையே பிழைப்பாக்கத் துணிந்தவர். உங்கள் தலையில் வீட்டுக் கடன் இருக்கிறது. அதே இடத்தில் நான் காட்ட விரும்புகிற ஆள் வேறு. கூத்துப்பட்டறையைத் தொடங்கிய ந. முத்துசாமி பிறந்தது 1936இல். பட்டறை தொடங்கியது 1977இல். கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள், அது உங்கள் தொழில்.

அதற்கும் முன்னால் போனால், சென்னை சபா நாடகங்களை வளர்த்ததே ஆபீஸ் போய் வந்தவர்கள்தான். கே. பாலசந்தர் ஏஜி ஆபீஸில், அதாவது அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்கிற அக்கவுண்டன்ட் ஜெனரல் ஆபீஸில், வேலை பார்த்துக்கொண்டே நாடகம் போட்டார். அவர் நாடகங்களில் நடித்த நாகேஷ் ரயில்வே குமாஸ்தா. பூர்ணம் விஸ்வநாதன் ஆல் இந்தியா ரேடியோவில் இருந்தார். கிரேஸி மோகன் கிண்டியில் இன்ஜினியரிங் படித்து சுந்தரம் கிளேட்டனில் வேலை பார்த்தவர். டெல்லி கணேஷ் விமானப் படையில் இருந்தவர். ஆபீஸ் விட்டு வந்து ஒத்திகை, சனி ஞாயிறு மேடை என்று ஓடியவர்கள் அந்தக் காலத்தில் ஏராளம். பலர் கடைசி வரை வேலையை விடவில்லை, சினிமாப் பக்கமும் போகவில்லை. அவர்கள் பெயர் உங்களுக்குத் தெரியாது. நன்றாகத்தான் நடித்தார்கள். ஊர்ப்புறத்தில் தெருக்கூத்து ஆடுகிறவர்களிலும் பலர் பகலில் கழனி வேலை பார்க்கிறவர்கள்தானே. "பார்ட் டைம்" என்பது ஏதோ அரைகுறை ஆட்களுக்கானது என்ற எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

சரி, உள்ளே என்ன நடக்கும்? இது தெரியாததால்தான் பாதி பேர் கேட்டோடு திரும்புகிறார்கள்.

நானும் தொலைபேசித் துறையில் வேலை பார்த்துக்கொண்டு 38 வயதில் ஒரு மாலை நேரப் பட்டறையில் சேர்ந்தவன்தான். முதல் நாள் ஆபீஸிலிருந்து நேராக, இன் பண்ணின சட்டை, பெல்ட், ஷூவோடு போய் நின்றேன். வசனப் பேப்பர் கொடுப்பார்கள் என்று நினைத்தேன். எல்லோரையும் தரையில் மல்லாந்து படுக்கச் சொன்னார் ஆசிரியர். கண்ணை மூடி, மூச்சு வயிற்றில் ஏறி இறங்குவதைக் கவனிக்கச் சொன்னார். நான் ஐந்தாவது நிமிடம் தூங்கிவிட்டேன். தூங்கினதுகூடப் பரவாயில்லை, குறட்டை. எழுப்பியபோது பதினெட்டுப் பேர் சுற்றி நின்று சிரிக்கிறார்கள். அன்றைக்கு எனக்கு அழுகையே வந்தது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அதைவிடப் பெரிய அசிங்கம் அந்த அறையில் எனக்கு நடக்கவே இல்லை. முதல் நாளே அந்தப் பாக்கி தீர்ந்துவிட்டதால் அப்புறம் பயமில்லாமல் இருந்தேன்.

ஆரம்ப வாரங்களில் பெரும்பாலும் உடம்பும் குரலும்தான். அறை முழுக்க வெறுங்காலோடு நடக்கச் சொல்வார்கள். கை தட்டினால் நிற்க வேண்டும், எதிரில் இருப்பவர் கண்ணைப் பார்க்க வேண்டும். இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். ஒரு அந்நியர் கண்ணை அரை நிமிடம் சிரிக்காமல், திரும்பாமல் பார்த்துப் பாருங்கள், தெரியும். இருவர் எதிரெதிரே நின்று, ஒருவர் அசைவதை மற்றவர் கண்ணாடி போல் அப்படியே செய்கிற பயிற்சி உண்டு. குரலுக்கு மூச்சுப் பயிற்சி, ஹம்மிங், "யார் தைத்த சட்டை, தாத்தா தைத்த சட்டை" வகையறா. லகர, ளகர, ழகரத்தை அங்கேதான் முதல் முறையாக ஒழுங்காகச் சொன்னேன் என்று சொல்லும் தமிழ் எம்.ஏ.க்களை எனக்குத் தெரியும்.

அப்புறம்தான் காட்சிகள். வசனம் இருக்காது. "இவருக்கு ரூமை விட்டுப் போகணும், அவருக்கு இவரைப் போக விடக் கூடாது, ஆரம்பிங்க" என்பார்கள். இங்கேதான் நீங்கள் கேட் வழியாகப் பார்த்த அந்தப் பிள்ளைகள் திணறுவார்கள். நீங்கள் மாட்டீர்கள். பேமென்ட் கேட்டு மூன்றாவது தடவையாக வந்து நிற்கிற சப்ளையரிடம், "எம்.டி. ஊர்ல இல்லை, வந்ததும் செக்குல சைன் ஆயிடும்" என்று உள்ளே எம்.டி. காபி குடித்துக்கொண்டிருக்கும்போதே எத்தனை முறை சொல்லியிருப்பீர்கள்! அந்த நேரம் உங்கள் கை என்ன செய்தது, கண் எங்கே போனது, சப்ளையர் நம்பவில்லை என்று எதை வைத்துத் தெரிந்துகொண்டீர்கள்? உங்கள் சரக்கு அதுதான். இருபது வருடச் சரக்கு. அந்தப் பிள்ளைகளிடம் வளைகிற உடம்பு இருக்கிறது, வெட்கம் குறைவு, ஒருமுறை சொன்னால் பிடித்துக்கொள்கிறார்கள். அதை நீங்கள் அவர்களிடம் கற்றுக்கொள்ளுங்கள். அவர்களுக்கும் அப்பா, மாமா, மேனேஜர் வேடத்துக்கு வகுப்பில் ஓர் ஆள் தேவைப்படும். இரண்டே வாரத்தில் "அங்கிள்" என்று கூப்பிட ஆரம்பித்துவிடுவார்கள். முதலில் குத்தும். பழகிவிடும்.

உங்கள் நிஜமான பிரச்சினை வயது இல்லை, கட்டபொம்மன். கோபித்துக்கொள்ளாதீர்கள். சின்ன வயதில் மேடையில் கைதட்டு வாங்கியவர்களுக்கு நடிப்பு என்றால் குரலை உயர்த்துவது, புருவத்தைத் தூக்குவது, இன்னொரு பெரிய நடிகர் செய்ததை அப்படியே செய்வது என்று உடம்பிலேயே பதிந்திருக்கும். எனக்கும் இருந்தது. தொலைந்த சாவியைத் தேடு என்று ஆசிரியர் சொன்னபோது நெற்றியில் கை வைத்தேன், பெருமூச்சு விட்டேன், மேஜைக்கு அடியில் குனிந்து குனிந்து பார்த்தேன். பிரமாதமாகச் செய்ததாக நினைப்பு. "என்ன தேடினீங்க?" என்றார். "சாவி." "என்ன சாவி?" பதில் இல்லை. வகுப்பு முடிந்து கிளம்பும்போது என் ஸ்கூட்டர் சாவியைக் காணோம். மணி ஒன்பதரை. பையைக் கொட்டினேன், சட்டைப் பையைத் தடவினேன், போன வழியே திரும்பிப் போனேன், நடுவில் நின்று ஒன்றுமே செய்யாமல் யோசித்தேன். ஆசிரியர் சாவியை நீட்டினார். அவர்தான் எடுத்து வைத்திருந்தார். "இப்ப நெத்தியில கை வைக்கவே இல்லையே சார்" என்றார்.

இது ரொம்பப் பழைய வித்தை. ரஷ்யாவின் ஸ்தானிஸ்லாவ்ஸ்கி எழுதியதில், தொலைந்த நகையைத் தேடச் சொல்லும் பயிற்சியாக வருகிறது. இன்றைக்கு உலகம் முழுக்க நடிப்பு வகுப்புகளில் செய்கிற பலவற்றுக்கும் வேர் அந்த மனிதர்தான். "நான் இந்த நிலைமையில் இருந்தால் என்ன செய்வேன்?" என்று நடிகர் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும் என்றவர். அவர் குடும்பத் தொழில் என்ன தெரியுமா? ஜரிகை. தங்க, வெள்ளி இழை செய்கிற தொழிற்சாலை மாஸ்கோவில் இருந்தது. அந்த நிர்வாகத்தையும் பார்த்துக்கொண்டு, பல வருடம் அமெச்சூர் நாடகக்காரராகவே இருந்தார். மாஸ்கோ ஆர்ட் தியேட்டரைக் கூட்டாளியோடு தொடங்கிய 1898இல் அவருக்கு 35 வயது.

அதனால் முதல் நாள் "ஏதாவது செஞ்சு காட்டுங்க" என்று கேட்டால் கட்டபொம்மனை எடுக்காதீர்கள். அந்த சப்ளையரை எடுங்கள்.

பணம். அந்த ஒரு லட்சத்து இருபதாயிரத்தைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. போகாதீர்கள். நடிப்பைச் சொல்லித் தருவது ஒரு தொழில், வாய்ப்பு வாங்கித் தருகிறேன் என்பது வேறு தொழில். இரண்டையும் ஒரே ரசீதில் போடுகிறவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். பாதி இடங்களில் ரசீதே இருக்காது என்பது வேறு விஷயம். படத்துக்கு ஆள் தேடுகிறவர்கள் ஆடிஷன் வைத்து எடுப்பார்கள், நடிக்க வருகிறவரிடம் காசு கேட்க மாட்டார்கள். காசு கேட்டால் அவர்கள் ஆள் தேடவில்லை, காசு தேடுகிறார்கள். என் நண்பர் ஒருவர் வருங்கால வைப்பு நிதியிலிருந்து எடுத்து இப்படி ஒரு இடத்தில் கட்டினார். கிடைத்தது ஒரு ஆல்பம். அதில் ஒரு படத்தை இப்போது வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறார். படம் நன்றாகத்தான் இருக்கிறது.

அந்த ஞாயிறு வகுப்புக்கே மறுபடி போங்கள். சேருவதற்கு முன் ஒரு வகுப்பு உட்கார்ந்து பார்க்கலாமா என்று கேளுங்கள். நல்ல ஆசிரியர் ஒன்று பார்க்க விடுவார், இல்லையென்றால் "பாக்குறதுக்கு இடமில்லை, வேணும்னா கூடச் சேர்ந்து பண்ணுங்க" என்பார். இரண்டுமே நல்ல அறிகுறி. ஆசிரியர் மேடையில் என்ன செய்திருக்கிறார், கடைசியாக எந்த நாடகம் போட்டார் என்று விசாரியுங்கள். மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே கட்டாமல் மாதாமாதம் கட்டலாமா என்று கேளுங்கள். மார்ச், ஏப்ரலில் உங்களால் ஒரு ஞாயிறுகூட வர முடியாது என்பதை இப்போதே சொல்லிவிடுங்கள், அது அக்கவுண்ட்ஸ்காரர்களின் தலையெழுத்து. மூட்டு வலி, முதுகு வலி இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். மாணவர்களைக் கூட்டத்தில் கேவலமாகத் திட்டி, "உடைச்சாத்தான் நடிப்பு வரும்" என்கிற ஆசிரியர்கள் சிலர் இருக்கிறார்கள். அது கலை இல்லை, வெறும் அதிகாரம். ஆபீஸில் இலவசமாகவே கிடைப்பதற்கு எதற்குப் பணம் கட்டுகிறீர்கள்?

கடைசியாக உங்கள் மனைவி. அவர் சிரிப்பதை நீங்கள் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறீர்கள் என்று எனக்குப் படுகிறது. அவருக்கு நடிப்பு மேல் கோபமில்லை, கவலை ஞாயிற்றுக்கிழமையைப் பற்றியதாக இருக்கும். வாரத்தில் ஆறு நாள் அம்பத்தூர் எஸ்டேட்டுக்குக் கொடுத்துவிட்டு, மிச்சமிருக்கிற ஒரு நாளிலும் காலையை எடுத்துக்கொண்டு போகிறீர்கள். கறி வாங்குவது, துணி காயப்போடுவது, மகளை டியூஷனில் விடுவது எல்லாம் யார் தலையில்? அதற்கு ஒரு ஏற்பாடு சொல்லாமல் "எனக்கொரு ஆசை" என்று மட்டும் போய் நின்றால் யாருக்கும் சிரிப்புதான் வரும். அவருக்கும் எங்கேயோ ஒரு கேட் வரை போய்த் திரும்பிய கதை இருக்கலாம். கேட்டுப் பாருங்கள். பாட்டோ, கார் ஓட்டுவதோ, தோழிகளோடு ஒரு சாயங்காலமோ, எதுவாக இருந்தாலும் அதற்கும் வாரத்தில் மூன்று மணி நேரத்தை ஒதுக்கிவிட்டு, அப்புறம் உங்கள் மூன்று மணி நேரத்தைக் கேளுங்கள்.

மகளை வசனம் பார்த்துச் சொல்ல வைத்துக்கொள்ளுங்கள். "அப்பா, ஓவரா பண்றீங்க" என்று முகத்துக்கு நேராகச் சொல்ல அந்த வயதுப் பிள்ளைகளைவிடத் தகுதியான ஆள் கிடையாது. பத்தாவது என்கிறீர்கள், அரை மணி நேரத்துக்கு மேல் இழுக்காதீர்கள்.

பெல்ட், ஷூ வேண்டாம். தொளதொளவென்று ஒரு டிராக் பேண்ட், துவைத்து நிறம் போன டி ஷர்ட், துண்டு, தண்ணீர் பாட்டில் போதும். வகுப்பு காலையில்தான் என்பதால் சனிக்கிழமை ராத்திரி சீக்கிரம் படுங்கள். பொங்கல், வடை சாப்பிட்டுவிட்டுப் போகாதீர்கள். படுக்கச் சொல்வார்கள்.