பிள்ளைகளின் எடை ஏறியபோது இரத்த அழுத்தமும் கூடவே ஏறியதா?

உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. கடந்த ஐம்பது ஆண்டுகளாக வளரிளம் பருவத்தினரின் எடை ஏறிக்கொண்டே வருகிறதென்றால் அவர்களுடைய இரத்த அழுத்தமும் கூடவே ஏறியிருக்கத்தானே வேண்டும் என்பது ஒன்று. பள்ளி மருத்துவ முகாமில் உங்கள் 14 வயது மகனுக்கு மேல் எண் (இதயம் சுருங்கும்போது இருக்கும் அழுத்தம்) 136 என்று வந்ததை அந்த ஏற்றத்தின் அடையாளமாகக் கொள்ளலாமா என்பது மற்றொன்று. இருபத்தாறு ஆண்டுகள் செவிலியராக இருந்து, அதில் பாதிக் காலத்தைப் பள்ளி முகாம்களில் பிள்ளைகளின் புயத்தில் அழுத்தம் பார்க்கும் பட்டை கட்டியே கழித்தவள் என்ற முறையில் சொல்கிறேன். முதல் கேள்விக்கு, எதிர்பார்த்த அளவுக்கு ஏறவில்லை, சில இடங்களில் இறங்கியும் இருக்கிறது என்பதுதான் பதில். இரண்டாவதற்குப் பதில் சொல்ல அந்த ஒரு எண் போதாது.

எடையைப் பொறுத்தவரை விவாதத்துக்கு இடமில்லை. 5 முதல் 19 வயது வரையிலானவர்களில் உடற்பருமன் உள்ளவர்கள் 1975-இல் உலகம் முழுவதும் ஏறத்தாழ 1.1 கோடி பேர், 2016-இல் 12.4 கோடி பேர். அமெரிக்காவில் 12 முதல் 19 வயதினரில் 1970களின் இறுதியில் நூற்றுக்கு 5 பேராக இருந்தது 2020-ஐ ஒட்டிய கணக்கெடுப்பில் 22 பேராகிவிட்டது. இந்தியாவில் 5 முதல் 19 வயதினரில் 1990-இல் சுமார் 4 லட்சமாக இருந்த எண்ணிக்கை 2022-இல் 1.25 கோடி என்று மதிப்பிடப்பட்டது. "பையன் இப்போதுதான் கொஞ்சம் பூசினாற்போல இருக்கிறான், கண் வைக்காதீர்கள்" என்று முகாமில் என்னிடம் சொன்ன தாய்மார்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. தெரிந்திருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

அழுத்தத்தின் கதை வேறு. அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் பொகலூசா என்றொரு சிற்றூர் இருக்கிறது. காகித ஆலையை ஒட்டி வளர்ந்த ஊர். அவ்வூரிலேயே பிறந்த இதய மருத்துவர் ஜெரால்ட் பெரென்சன் 1970களின் தொடக்கத்தில் அங்குள்ள கறுப்பினப் பிள்ளைகளையும் வெள்ளையினப் பிள்ளைகளையும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அளந்து பதிவு செய்யத் தொடங்கினார். அந்த ஆய்வின் மதிப்பு அதன் பொறுமையில் இருக்கிறது. ஒவ்வொரு பிள்ளைக்கும் பயிற்சி பெற்ற இருவர் தனித்தனியாக மும்மூன்று முறை அழுத்தம் பார்த்தார்கள். ஆக ஒரு பிள்ளைக்கு ஆறு அளவுகள். ஒரு முகாமில் முந்நூறு பிள்ளைகளை மதியச் சாப்பாட்டுக்குள் முடித்துக்கொடுக்கச் சொல்லும் இடத்தில் வேலை பார்த்த எனக்கு, இதைப் படித்தபோது பொறாமையாகவே இருந்தது. 1974 முதல் 1993 வரை 5 முதல் 17 வயதுள்ள 11,478 பிள்ளைகளிடம் எடுத்த 24,092 பரிசோதனைகளைப் பிற்பாடு ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். உடற்பருமன் 6 சதவீதத்திலிருந்து 17 சதவீதமாக, ஏறக்குறைய மூன்று மடங்காக உயர்ந்திருந்தது. ஆனால் சராசரி அழுத்தமும் சரி, உயர் அழுத்தமுள்ளவர்களின் பங்கும் சரி, அந்த இருபது ஆண்டுகளில் உயரவில்லை.

இது ஓர் ஊரின் விநோதமாக இருக்கலாமே என்று கேட்பீர்கள். வட அயர்லாந்தில் 12, 15 வயதினரை 1989–90-இலும் பத்தாண்டு கழித்தும் அளந்தபோது எடை கூடியிருந்தது, அழுத்தம் குறைந்திருந்தது. கிளாஸ்கோ பல்கலைக்கழக மாணவர்களிடமும் 1948-க்கும் 1968-க்கும் இடையில் அழுத்தம் இறங்கியே வந்திருக்கிறது. மாறாக, அமெரிக்கா முழுமைக்குமான கணக்கெடுப்பில் 8 முதல் 17 வயதினரின் மேல் எண் 1988–94-ஐவிட 1999–2000-இல் சராசரியாக 1.4 புள்ளியும் கீழ் எண் (இதயம் தளரும்போது இருக்கும் அழுத்தம்) 3.3 புள்ளியும் உயர்ந்திருந்தன. "எடை ஏறியது, பிரஷரும் ஏறியது" என்று சொல்பவர்கள் பெரும்பாலும் கையில் எடுப்பது இந்தக் கணக்கைத்தான். அதே ஆய்வில் எடையின் பங்கைக் கழித்துப் பார்த்தபோது மேல் எண்ணின் உயர்வில் 29 சதவீதமும் கீழ் எண்ணின் உயர்வில் 12 சதவீதமும் மட்டுமே குறைந்தன என்பதை அவர்கள் சொல்வதில்லை. அதற்குப் பின் 2001 முதல் 2016 வரை, அந்நாட்டில் பருமன் கூடிக்கொண்டிருந்த அதே காலத்தில், 12 முதல் 19 வயதினரிடையே உயர் இரத்த அழுத்தம் குறைந்தது.

இதிலிருந்து எடைக்கும் அழுத்தத்துக்கும் சம்பந்தமில்லை என்று யாரும் முடிவுகட்டிவிட வேண்டாம். ஒரே காலத்தில், ஒரே வகுப்பில் உள்ள பிள்ளைகளை ஒப்பிட்டால் சம்பந்தம் பளிச்சென்று தெரியும். பல நாட்டு ஆய்வுகளைத் திரட்டி 2019-இல் வெளிவந்த கணக்கின்படி, உயர் அழுத்தம் இயல்பான எடையுள்ள பிள்ளைகளில் 1.9 சதவீதம், எடை மிகுந்தவர்களில் 5 சதவீதம், பருமனானவர்களில் 15 சதவீதத்துக்கும் சற்று மேல். அப்படியானால் காலப்போக்கில் மட்டும் ஏன் அது தெரியவில்லை? எடை மேலே தள்ளிக்கொண்டிருக்கும்போதே வேறு ஏதோ அழுத்தத்தைக் கீழே இழுத்திருக்க வேண்டும். எனக்கு மிகவும் பொருத்தமாகத் தோன்றுவது கைக்குழந்தைப் பருவத்து உணவு. 1980-ஐ ஒட்டி நெதர்லாந்தில் பிறந்த 476 குழந்தைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு முதல் ஆறு மாதம் உப்புச்சத்து குறைந்த உணவும் மற்றதற்கு வழக்கமான உணவும் கொடுத்தார்கள். பதினைந்து ஆண்டு கழித்து அவர்களில் கிடைத்தவர்களைத் தேடிப் பிடித்து அளந்தபோது, குறைந்த உப்புப் பிரிவினரின் மேல் எண் 3.6 புள்ளி தாழ்ந்திருந்தது. ஆறு மாதச் சாப்பாடு பதினைந்து வயதில் பேசுகிறது! குழந்தை உணவில் உப்பைக் குறைக்கும் வழக்கம் மேல்நாடுகளில் பரவியதும் ஏறத்தாழ அந்தக் காலத்தில்தான். கருவில் கிடைத்த ஊட்டம், தாய்ப்பால், வீட்டுக்குள் புகைபிடிப்பது குறைந்தது ஆகியவற்றையும் ஆய்வாளர்கள் காரணங்களாகக் கருதுகிறார்கள்.

இன்னொன்று, அளக்கும் விதம். என் தொழில் என்பதால் இதில் சற்று நின்று பேசுகிறேன். பட்டைக்குள் இருக்கும் காற்றுப்பையின் அகலம் புயத்தின் சுற்றளவில் 40 சதவீதமாவது இருக்க வேண்டும்; நீளம் சுற்றளவில் 80 முதல் 100 சதவீதம் வரை சுற்றிவர வேண்டும். பருத்த புயத்தில் சிறிய பட்டையைக் கட்டினால் இல்லாத அழுத்தத்தைக் காட்டும். மெலிந்த புயத்தில் பெரிய பட்டையைக் கட்டினால் இருப்பதை மறைத்துவிடும். ஒரு பள்ளி முகாமுக்கு எங்களிடம் கொடுத்தனுப்பியது ஒரே அளவுப் பட்டை. ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் மாடிப்படி ஏறி மூச்சு வாங்க வந்து உட்கார்ந்தான். 146 என்று வந்தது. ஐந்து நிமிடம் பேசாமல் உட்காரவைத்துப் பார்த்தேன், 138. டெய்லர் டேப்பால் புயத்தை அளந்தால் 36 செ.மீ. மறுநாள் அவனை வரச்சொல்லி, கேட்டு வாங்கிவைத்த பெரிய பட்டையைக் கட்டிப் பார்த்தபோது 124. முந்தைய நாளே பதிவேட்டில் எழுதி முடித்திருந்தால் அவன் ஒரு நோயாளி. பிள்ளைகளின் புயம் தலைமுறைக்குத் தலைமுறை பருத்துக்கொண்டு போக, பட்டை மட்டும் பழைய அளவிலேயே இருந்தால், புள்ளிவிவரத்திலும் இப்படி ஒரு பொய் ஏற்றம் புகுந்துவிடும்.

வரையறை மாறினாலும் எண்ணிக்கை மாறும். 2017-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் பருமனான பிள்ளைகளை ஒதுக்கிவிட்டு இயல்பான எடையுள்ளவர்களை மட்டும் வைத்து அளவுகோலைத் திருத்தியது; 13 வயது முதல் 130/80 என்பது உயர் அழுத்தம் என்றாயிற்று. யாருடைய இரத்தக் குழாயிலும் எதுவும் மாறாமல், அந்நாட்டில் சுமார் 8 லட்சம் பிள்ளைகள் கூடுதலாகப் பட்டியலில் சேர்ந்தார்கள்.

நம் நாட்டில் 2016–18-இல் நடந்த தேசிய ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பில் 10 முதல் 19 வயதினரில் நான்கில் ஒருவர் மெலிந்தவர். எடை மிகுந்தவர்கள் சுமார் 5 சதவீதம். உயர் அழுத்தம் உள்ளவர்களும் சுமார் 5 சதவீதம். இரண்டும் ஒரே 5 சதவீதம் என்று எண்ணிவிடக் கூடாது. "ஒல்லிப் பிள்ளைக்கு பிரஷர் எங்கிருந்து வரும்" என்று பெற்றோர்கள் சிரித்துவிட்டுப் போவதைத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன்.

இனி உங்கள் மகன். பொகலூசாவில் அழுத்தம் உயரவில்லை என்பது உங்களுக்கு ஆறுதலாகக் கூடாது. விபத்து போன்றவற்றில் இறந்துபோன அவ்வூர் இளைஞர்களின் உடற்கூறாய்வில், எடை, அழுத்தம், கொழுப்பு முதலியவை எத்தனை சேர்ந்திருந்தனவோ அந்த அளவுக்கு இதயக் குழாயில் படிவும் மிகுந்திருந்ததை 1998-இல் அதே ஆய்வுக் குழு வெளியிட்டது. ஆகவே 136-ஐ அலட்சியப்படுத்தவும் வேண்டாம், அதற்காக இன்றே மாத்திரை கேட்டு நிற்கவும் வேண்டாம். வெவ்வேறு நாட்களில் மூன்று முறை, காலைத் தரையில் ஊன்றி, முதுகைச் சாய்த்து, ஐந்து நிமிடம் பேசாமல் இருந்த பிறகு மருத்துவமனையில் அளக்கச் சொல்லுங்கள். மூன்று முறையும் 130-க்கு மேல் நின்றால் சிறுநீரகப் பரிசோதனையையும் சேர்த்து மருத்துவர் பார்ப்பார். அதற்கு முன் தையல் டேப்பை எடுத்து, தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் அவன் புயத்தின் சுற்றளவைக் குறித்துக்கொண்டு, முகாமில் எந்த அளவுப் பட்டையைக் கட்டினார்கள் என்று பள்ளியில் விசாரியுங்கள்.