தாடிக்காரர்கள் சண்டையும் ஒரு பிளேட் பிரியாணியும்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ஒருவர் ‘மந்திரவாதிகளில் பெரிய ஆள் யார்?’ என்று கேட்டிருந்தார். ‘தன் ஓட்டை வெளியே தெரியாதவன்’ என்று ஒரு வரியில் எழுதித் தப்பித்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. இந்த மாதம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் இதுதான், அதனால் மற்றவர்கள் அடுத்த இதழ் வரைக்கும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ காண்டால்ஃபும் ‘ஹாரி பாட்டர்’ டம்பிள்டோரும் நேருக்கு நேர் மோதினால் யார் ஜெயிப்பார்? நானும் என் ரூம்மேட்டும் ஒரு பிளேட் ஆம்பூர் பிரியாணி பந்தயம் கட்டியிருக்கிறோம். அவன் காண்டால்ஃப் கட்சி. நீங்கள் சொல்வதுதான் தீர்ப்பு.
(ஒரு பொறியியல் மாணவர், காட்பாடி)

முதலில் சண்டை எங்கே நடக்கிறது என்று சொல்லுங்கள். சிரிக்காதீர்கள், பாதி விஷயம் அதில்தான் இருக்கிறது.

டம்பிள்டோர் அந்தக் கதையின் வில்லன் வால்டமார்ட்டோடு மோதியது மந்திர அமைச்சகத்தின் கூடத்தில். நடுவில் ஒரு நீரூற்று, அதில் தங்கச் சிலைகள். மனிதர் என்ன செய்தார்? சிலைகளை எழுப்பி அடியை வாங்கிக்கொள்ள நிறுத்தினார், ஊற்றுத் தண்ணீரைக் கிளப்பி வால்டமார்ட்டை அப்படியே போர்த்தினார். கொலை மந்திரத்துக்கு எதிர்மந்திரம் கிடையாது, ஆனால் குறுக்கே கெட்டியாக ஒரு பொருள் இருந்தால் அது அந்தப் பொருளோடு நின்றுவிடும், இது தெரிந்து ஆடுகிறவர் அவர். வீட்டில் என்ன இருக்கிறதோ அதை வைத்துச் சமைக்கிற ஆள்.

காண்டால்ஃபுக்கு நெருப்புதான் கைவந்த கலை. பனிமலையில் எல்லோரும் விறைத்துக்கொண்டிருந்தபோது ஈர விறகில் தீ மூட்டினார், ஆனால் எரிவதற்கு ஏதாவது ஒன்று வேண்டும், பனியையே எரிக்க என்னால் ஆகாது என்று அவரே ஒப்புக்கொள்கிறார். இன்னொரு தடவை ஓநாய்கள் மரத்தைச் சூழ்ந்துகொண்டபோது பைன் காய்களைக் கொளுத்தி வீசினார்.

இப்போது இரண்டு பேரையும் நம்ம ஊருக்குக் கூட்டி வாருங்கள். தண்ணியில்லாத ஆறு, மரமில்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமியில்லாத கோயில் என்று வேலூரைப் பற்றி ஒரு பழைய கிண்டல் உண்டு (சாமி சத்துவாச்சாரியிலிருந்து 1981லேயே கோட்டைக் கோயிலுக்குத் திரும்பிவிட்டார், கிண்டல்தான் இன்னும் போகவில்லை). பாலாற்று மணலில் நிறுத்தினால் டம்பிள்டோருக்குத் தண்ணீர் கிடையாது. மலைமேல் ஏற்றினால் காண்டால்ஃபுக்கு விறகு கிடையாது. இரண்டு கிழவர்களும் வெயிலில் தாடியைச் சொறிந்துகொண்டு நிற்க வேண்டியதுதான், அதுவும் அக்னி நட்சத்திரத்தில் என்றால் கேட்கவே வேண்டாம்.

கோட்டைக்குள் நடத்தினால் கதை வேறு. அகழி நிறைய தண்ணீர். ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்தில் தூணுக்குத் தூண் யாளி, முன்னங்கால் தூக்கிய குதிரை, அதன்மேல் வீரன். டம்பிள்டோர் கோலை ஒரு சுழற்று சுழற்றினால் அத்தனையும் தூணைவிட்டு இறங்கி வரும். தொல்லியல் துறைக்காரர்கள் வயிற்றில் அடித்துக்கொள்வார்கள், ஆனால் காண்டால்ஃப் பாடு திண்டாட்டம்.

அடுத்தது நேரம். காண்டால்ஃப் பால்ராக் என்கிற நெருப்புப் பூதத்தைக் கொன்றது ஒரே மூச்சில் இல்லை. பாலத்தில் ஆரம்பித்து, பாதாளத்தில் விழுந்து, அங்கிருந்து துரத்தி மலை உச்சிக்கு ஏறி, மொத்தம் பத்து நாள். கடைசியில் அதுவும் செத்தது, இவரும் செத்தார், பிறகு மேலிடம் பார்த்துத் திருப்பி அனுப்பியது. டம்பிள்டோர் அமைச்சகத்தில் போட்டது சில நிமிடச் சண்டை. ஒருவர் டெஸ்ட் மேட்ச் ஆட்டக்காரர், இன்னொருவர் டி20.

உங்கள் ரூம்மேட் அடுத்து என்ன சொல்வான் என்று தெரியும். காண்டால்ஃப் மனிதனே இல்லை, கிழவன் உடம்பில் இறக்கிவிடப்பட்ட தேவகணம் மாதிரி, டம்பிள்டோர் என்ன இருந்தாலும் வாத்தியார்தானே என்பான். உண்மைதான். ஆனால் அந்தத் தேவகணத்தை அனுப்பும்போதே, வில்லன் சவ்ரானின் பலத்தோடு உன் பலத்தைக் காட்டி மோதாதே, ஜனங்களுக்குத் துணிச்சல் கொடுத்து அவர்களையே எழுப்பு என்று கட்டளை போட்டுத்தான் அனுப்பினார்கள். கையைக் கட்டி இறக்கிவிட்ட பயில்வான் அவர். இந்தப் பக்கம் டம்பிள்டோரின் பள்ளியான ஹாக்வார்ட்ஸில் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற ஆயுதம் பறிக்கிற மந்திரம் ஒன்று போதும், கைத்தடி பறந்துவிடும். வாள் மிச்சம் இருக்கும், நன்றாகவே வீசுவார், ஆனால் கிட்டே வர வேண்டுமே.

ஆகவே ஒரே பகலில் முடிகிற சண்டை என்றால் டம்பிள்டோர். பத்து நாள் இழுத்தால் காண்டால்ஃப். நீங்கள் பந்தயத்தில் நாள் குறிக்கவில்லை, ‘நேருக்கு நேர்’ என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள், அதை ஒரு நாள் கணக்காகத்தான் எடுத்துக்கொள்ள முடியும். பிரியாணி உங்களுக்கு. கத்தரிக்காயை மட்டும் அவனுக்கும் வைத்துவிடுங்கள்.

வால்டமார்ட் தன் உயிரை ஏழாகப் பிரித்து வைத்தவன். அவனுக்கு இணையாக நம் ஊர்க் கதைகளில் யாராவது உண்டா? சும்மா பெருமைக்குக் கேட்கவில்லை.
(ஒரு வாசகி, இராணிப்பேட்டை)

பெருமைக்கே கேளுங்கள், தப்பில்லை. ஏழு கடல் தாண்டி, ஏழு மலை தாண்டி, ஒரு குகைக்குள் கூண்டு, கூண்டுக்குள் கிளி, கிளிக்குள் மந்திரவாதியின் உயிர். சோறு ஊட்டும்போது இந்தக் கதை கேட்காத பிள்ளை நம் பக்கத்தில் இருக்க முடியாது. ரஷ்யாவில் கொஷ்சேய் என்று ஒருவன், அவன் சாவு ஊசி முனையில், ஊசி முட்டைக்குள், முட்டை வாத்துக்குள், வாத்து முயலுக்குள். சோவியத் புத்தகங்கள் மலிவாகக் கிடைத்த காலத்தில் வளர்ந்தவர்களுக்கு இவனும் பக்கத்து வீட்டுக்காரன்தான்.

ஆனால் கிளிக் கதையில் எனக்குப் பிடித்த இடம் கிளி இல்லை. சிறையிலிருக்கும் ராஜகுமாரி மந்திரவாதிக்குச் சோறு போட்டு, தலை கோதி, ‘இவ்வளவு பலசாலிக்குச் சாவே கிடையாதா’ என்று மெதுவாகக் கேட்பாள் பாருங்கள், அந்த இடம்தான். முட்டாள் உளறிவிடுவான். வால்டமார்ட் கதையிலும் அதேதான் நடக்கிறது. வயசான வாத்தியார் ஒருவருக்கு ஊற்றிக்கொடுத்து கதாநாயகன் ஹாரி ஒரு பழைய ஞாபகத்தைக் கறக்கிறான், உயிர் ஏழாகப் பிரிந்த கணக்கு அதிலிருந்துதான் உறுதியாகிறது. சண்டை அங்கேயே முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு நடந்த வெடி எல்லாம் வேடிக்கை பார்ப்பவர்களுக்கு.

அதனால்தான் போன இதழில் ஓட்டை என்று எழுதினேன். ‘யாருக்கு சக்தி அதிகம்’ என்று மணிக்கணக்கில் கத்துகிறவர்கள் கூண்டை விட்டுவிட்டு மந்திரவாதியின் தொப்பையை அளந்துகொண்டிருக்கிறார்கள்.

எங்கள் ஊரில் வருஷா வருஷம் அக்னி வசந்தம், பாரதக் கூத்து, படுகளம் எல்லாம் உண்டு. கூத்து பார்த்து வளர்ந்தவன் என்பதால் கேட்கிறேன், கடோத்கஜன் முன்னால் மார்வெல் மந்திரவாதி டாக்டர் ஸ்ட்ரேஞ்ச் நிற்பானா?
(ஒரு நெசவாளர், ஆரணி)

இந்த மாதத்தின் நல்ல கேள்வி இதுதான்.

கடோத்கஜனுக்கு ராத்திரி ஏற ஏறப் பலம் கூடும். பதினான்காம் நாள் போர் பொழுது சாய்ந்தும் நிற்காமல் ஓடியதே, அன்றைக்குத்தான் அவன் ஆட்டம். மாயை தாங்க முடியாமல் கௌரவர் படை கதற, வேறு வழியில்லாமல் கர்ணன் இந்திரன் கொடுத்த சக்தி ஆயுதத்தை எடுத்து வீசினான். ஒரே ஒரு தடவைதான் பயன்படும், அர்ஜுனனுக்காகப் பொத்திப்பொத்தி வைத்திருந்தது. சாகிற நேரத்தில் கடோத்கஜன் உடம்பை மலையாகப் பெருக்கிக் கௌரவர் பக்கம் பார்த்து விழுந்தான். ஒரு அக்குரோணி சேனை நசுங்கியது.

டாக்டர் ஸ்ட்ரேஞ்ச் பலத்தில் ஜெயிக்கிற ஆள் இல்லை. 2016ல் வந்த படத்தில், எதிரே நிற்பது தன்னால் தொடக்கூட முடியாத ஒன்று என்று தெரிந்ததும், காலத்தை ஒரு வளையமாக முடிச்சுப் போட்டுவிட்டுத் திரும்பத் திரும்பச் செத்தான். எதிரிக்கே சலித்துப்போய் ‘விட்டுத்தொலை’ என்கிற வரைக்கும் செத்தான். இதே வித்தையைப் பதினான்காம் நாள் ராத்திரியில் கௌரவர் பக்கம் நின்று போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு சுற்றிலும் கர்ணன் கைக்குச் சக்தி ஆயுதம் திரும்பி வரும், சரி. கடோத்கஜனும் எழுந்து வருவான், அதுவும் சரி. ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் அவன் விழுகிறபோது ஒரு அக்குரோணி போகும், ராத்திரி விடியவே விடியாது, ராத்திரிதான் அவனுக்குப் பலம். யாருக்கு முதலில் சலிக்கும்? துரியோதனனே ஓடிவந்து ஸ்ட்ரேஞ்சின் காலில் விழுந்து முடிச்சை அவிழ்க்கச் சொல்வான்.

ஒரு விஷயம் மட்டும் கடோத்கஜனுக்கு எதிராகப் போகும். கூத்தில் அவன் வருவதென்றால் திரை பிடிக்க வேண்டும், முகவீணை ஊத வேண்டும், திரைக்குப் பின்னால் நின்று தன் பெருமையை முழுசாகப் பாட வேண்டும், அப்புறம் கட்டியங்காரன் ‘யாரய்யா நீர்’ என்று நக்கல் செய்து முடிக்க வேண்டும். அதற்குள் எதிராளி டீ குடித்துவிட்டே வந்து அடிக்கலாம்.

வள்ளிமலை முருகனையும் இந்தப் போட்டியில் சேர்ப்பீர்களா?
(ஒரு வாசகர், திருவலம்)

சாமியை விட்டுவிடுங்கள், எனக்கு வீட்டில் சாப்பாடு கிடைக்காது. ஆனாலும் ஒன்று சொல்கிறேன். வேடனாக வந்து வள்ளியிடம் பேசிக்கொண்டிருந்தவர், மாமனார் கூட்டம் வருகிற சத்தம் கேட்டதும் வேங்கை மரமாக நின்றுகொண்டார். சூரபத்மனையே பிளந்த வேலைக் கையில் வைத்திருந்தவர், அன்றைக்கு அதைத் தொடவே இல்லை. எந்தச் சண்டையைப் போடக் கூடாது என்று தெரிந்தவர்.

என் மகன் பிளஸ் டூ. நாள் முழுக்க இந்த மந்திரவாதி வாதம்தான். கண்டித்து இரண்டு வரி எழுதுங்கள், அவன் இந்தப் பகுதியைப் படிப்பான்.
(ஒரு தாய், குடியாத்தம்)

தம்பி, அம்மா சொல்வதைக் கேள். மார்ச் வரைக்கும் டம்பிள்டோர் எங்கேயும் போக மாட்டார்.

எல்லாம் தாடிக்காரர்களாகவே இருக்கிறார்களே, பெண்களே கிடையாதா?
(ஒரு ஆசிரியை, பாகாயம்)

சரியான குட்டு. வால்டமார்ட்டின் வலதுகை மாதிரி இருந்த பெல்லட்ரிக்ஸை முடித்தது பெரிய மாவீரன் யாரும் இல்லை, ஏழு பிள்ளை பெற்ற மாலி வீஸ்லி என்கிற இல்லத்தரசி.

நம்மிடம் அதைவிடப் பழசு இருக்கிறது. கொங்கணர் காட்டில் தவம் செய்துகொண்டிருந்தபோது மேலே பறந்த கொக்கு ஒன்று எச்சமிட்டது. கோபத்தோடு நிமிர்ந்து பார்த்தார், கொக்கு சாம்பல். பார்வையாலேயே எரிக்கிறவர், இன்றைய ரசிகர்கள் கணக்கில் முதல் வரிசை ஆள். அதே மிதப்பில் வள்ளுவர் வீட்டு வாசலில் போய்ப் பிச்சை கேட்டார். வாசுகி கணவருக்குப் பரிமாறிவிட்டுத் தாமதமாக வந்தார். கொங்கணர் முறைத்தார். ‘கொக்கென்று நினைத்தாயோ கொங்கணவா!’ அவ்வளவுதான். பஸ்பமாக்கும் பார்வை அந்த அம்மாள்மேல் வேலை செய்யவில்லை என்பதுகூட இரண்டாம் பட்சம். யாரும் இல்லாத காட்டில் நடந்த விஷயம் வீட்டுக்குள் சோறு போட்டுக்கொண்டிருந்தவருக்கு எப்படித் தெரிந்தது? கொங்கணர் ஆடிப்போனது அதற்காகத்தான்.

கணவருக்குப் பணிவிடை செய்தால்தான் சக்தி வருமா என்று நீங்கள் அடுத்து கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். கதை கட்டிய காலம் அப்படி, நான் கொக்கு வரைக்கும்தான் பொறுப்பு.

மந்திரவாதி மாண்ட்ரேக்கை மறந்துவிட்டீர்களே! எங்கள் தலைமுறைக்கு அவர்தான்.
(ஓய்வுபெற்ற தபால்காரர், வாலாஜாபேட்டை)

மறப்பேனா ஐயா. 1934ல் பிறந்த சித்திரக்கதைப் பாத்திரம், தொப்பியும் மேலங்கியுமாக இன்னும் கண்ணில் நிற்கிறார். ஆனால் அவர் துப்பாக்கியைப் பாம்பாக்குவதில்லை, பாம்பு என்று எதிராளியை நினைக்க வைக்கிறார். சுத்தமான கண்கட்டு வித்தை. அப்படியானால் ஏற்கெனவே கண்ணைக் கட்டிக்கொண்டிருக்கும் காந்தாரி முன்னால் அவர் என்ன செய்வார்? எவ்வளவு யோசித்தும் எனக்குப் பிடிபடவில்லை. உங்களுக்குத் தோன்றினால் எழுதுங்கள், அடுத்த இதழில் போடுகிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், ஓட்டையே இல்லாத மந்திரவாதி ஒருவனாவது உண்டா?
(பெயர் வேண்டாம் என்ற வாசகர், தொரப்பாடி)

கிட்டத்தட்ட ஒருவன் உண்டு. அமெரிக்க எழுத்தாளர் அர்சுலா லெ குவின் 1968ல் எழுதிய நாவலில் வரும் கெட். அந்த உலகத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு மெய்ப்பெயர் உண்டு, பெயர் தெரிந்தால் ஆள் உங்கள் கையில். கெட் ஒரு டிராகனிடம் போய் வாள் எடுக்கவில்லை, பழைய வரலாறுகளில் படித்ததை வைத்து அதன் பெயரை ஊகித்துச் சொன்னான், டிராகன் அடங்கியது. அதனால் அங்கே யாரும் மெய்ப்பெயரை வெளியே சொல்வதில்லை.

இந்த இடத்தைப் படித்தபோது எனக்கு என் பாட்டி ஞாபகம்தான் வந்தது. தாத்தா பெயரை அவர் கடைசிவரை வாயால் சொன்னதில்லை. ரேஷன் அட்டைக்கு எழுத வந்தவர் கணவர் பெயர் என்ன என்று கேட்டதற்கு, ‘திருவண்ணாமலை சாமி பேரு’ என்றார். அவர் ‘அண்ணாமலையா?’ என்றார். பாட்டி தலையாட்டவில்லை. ‘அருணாசலமா?’ அதற்கும் இல்லை. ‘சோணாசலமா?’ பாட்டி வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். கடைசியில் தெருவில் விளையாடிக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டுத்தான் எழுதிக்கொண்டு போனார். கெட் வந்து கேட்டிருந்தாலும் அதே திண்ணையில்தான் உட்கார்ந்திருக்க வேண்டும்.