ரத்தத்தைக் கண்டால் மயக்கம் ஏன்?

கேள்வி: பாம்பைக் கண்டால் ஓடிவிடுகிறேன். ரத்தத்தையோ ஊசியையோ கண்டால் மட்டும் மயங்கி விழுகிறேன். "உடம்பைத் தளர்த்திக்கொள்" என்கிறார்கள், பலனில்லை.
– வாசகி, திண்டுக்கல்

பதில்: தளர்த்துவதே தவறு. பாம்பைக் கண்டதும் அட்ரினலின் சுரந்து இதயம் படபடக்கும், ரத்த அழுத்தம் ஏறும். அந்த நிலையில் மயக்கம் எளிதில் வராது. ரத்தம், ஊசி பயத்தில் அழுத்தம் முதலில் சற்று ஏறிவிட்டு, சட்டென்று சரிகிறது. மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு துடிப்பைக் குறைக்க, ரத்தக் குழாய்கள் விரிந்து ரத்தம் கால்களில் தேங்குகிறது. மூளைக்குப் போகும் ரத்தம் குறைகிறது. அப்போது உடம்பைத் தளர்த்தினால் அழுத்தம் மேலும் இறங்கத்தானே செய்யும்?

ஸ்வீடன் உளவியலாளர் லார்ஸ் யோரான் ஓஸ்ட் 1980களில் வகுத்த பயிற்சி உங்களுக்குப் பொருந்தும். நாற்காலியில் உட்கார்ந்து கை, கால், வயிற்றுத் தசைகளை 10 முதல் 15 விநாடி இறுக்குங்கள். முகம் சூடாவது தெரிய வேண்டும். பிறகு 20 முதல் 30 விநாடி சாதாரண நிலைக்கு வாருங்கள். துவண்டுவிடக் கூடாது. இப்படி 5 முறை செய்தால் ஒரு சுற்று. தினமும் 5 சுற்று, ஒரு வாரம் வீட்டிலேயே பழகிவிட்டுப் பரிசோதனைக்குப் போங்கள்.

பலர் தவறுவது இரண்டு இடங்களில். மூச்சை அடக்கிக்கொண்டு இறுக்குவார்கள். மூச்சு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஊசி போடும் கையையும் இறுக்குவார்கள். வலி கூடும், அந்தக் கை மட்டும் தளர்ந்திருக்கட்டும். கொட்டாவி, குளிர்ந்த வியர்வை, குமட்டல், கண் மங்கல் இவற்றில் ஒன்று தெரிந்ததுமே தொடங்குங்கள். அதையும் மீறி மயக்கம் வந்தால் படுத்துக் காலை உயர்த்துங்கள். உடனே எழக் கூடாது. உயர் ரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்ய வேண்டாம். ரத்தத்தைப் பார்க்காமலே மயக்கம் வந்தால் அது வேறு பிரச்சினை, பரிசோதித்தாக வேண்டும்.

கேள்வி: என் கரப்பான்பூச்சி பயம் குழந்தைக்கும் தொற்றுமா?
– வாசகர், ஈரோடு

பதில்: தொற்றலாம். ஆய்வகத்தில் வளர்ந்த ரீசஸ் குரங்குகளுக்குப் பாம்பு பயம் இல்லை. காட்டில் வளர்ந்த குரங்கு பாம்பைக் கண்டு மிரள்வதைப் பார்த்ததும் அவையும் பயந்தன என்று அமெரிக்க உளவியலாளர் சூசன் மினேகா குழுவினர் 1980களில் காட்டினர். பூவைக் கண்டு மிரள்வதுபோல் மாற்றிய வீடியோவைக் காட்டியபோது பூ மீது பயம் ஒட்டவில்லை. ஆக, சிலவற்றின் மீது பயம் சீக்கிரம் பிடிக்கும். குழந்தை முதலில் பார்ப்பது பூச்சியை அல்ல, உங்கள் முகத்தை. அலறாமல் துடைப்பத்தை எடுங்கள்.