அம்பத்தூரில் வேலை, திருவாலங்காடு பக்கம் குடும்பம்: தினமும் ரயிலில் போய்வருவதா, சென்னைக்கே மாறிவிடுவதா?

கேட்டவர் தந்த விவரம் இது: திருவாலங்காடு ஸ்டேஷனிலிருந்து ஐந்து கிலோமீட்டர் உள்ளே வீடு. அம்பத்தூர் எஸ்டேட்டில் மெஷின் ஆபரேட்டர் வேலை, சம்பளச் சீட்டில் 18,000 ரூபாய். மனைவி, ஆறாவது படிக்கும் பையன், மூன்றாவது படிக்கும் பெண், வயதான அம்மா, இரண்டு கறவை மாடு. போய்வந்தே உடம்பு ஓய்ந்துவிட்டது, எல்லோரையும் சென்னைக்கு அழைத்து வந்துவிடலாமா என்று கேட்கிறார்.

இந்தச் சம்பளத்துக்கு இப்போது வீட்டை மாற்ற வேண்டாம். ஆனால் இப்போது போய்வருகிற விதத்தை மாற்றியே ஆக வேண்டும். இந்தப் பயணத்தில் காசும் உடம்பும் கரைவது ரயிலில் இல்லை. வீட்டிலிருந்து ஸ்டேஷன் வரை, ஸ்டேஷனிலிருந்து கம்பெனி வாசல் வரை, இந்த இரண்டு முனையிலும்தான் கரைகிறது.

கணக்கைப் பாருங்கள். 18,000-இல் பி.எஃப். 1,800 வரை போகும், தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ. முக்கால் சதவீதம் 135 போகும். கையில் 16,000 சொச்சம். சீசன் டிக்கெட்டுக்கு மாதம் 300 என்று வையுங்கள். பைக் போக வர 10 கிலோமீட்டர், 26 நாளைக்கு 260 கிலோமீட்டர். ஐந்தரை லிட்டர் பெட்ரோல், ஏறக்குறைய 600 ரூபாய். ஸ்டாண்டுக்கு 300. ஒரு நாளைக்கு இரண்டு டீ, ஒரு வடை என்று 40 ரூபாய் வைத்தாலே மாதம் 1,040. காலை டிபனும் கடையில் என்றால் இன்னொரு 1,300. மொத்தம் மூவாயிரத்து ஐந்நூறைத் தாண்டுகிறது, அதில் ரயிலுக்குப் போவது பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

வண்டியைத் தவறவிட்டால் என்ன ஆகும்? உங்கள் ஒரு நாள் சம்பளம் 692 ரூபாய். தாமதமாகப் போய் அரை நாள் வெட்டினால் 346 போச்சு. மாதத்தில் ஒரே ஒரு முறை வண்டி விட்டால் ஒரு மாத சீசன் காசு போன மாதிரி.

சென்னைக்கு மாறினால் அம்பத்தூர், கொரட்டூர் பக்கம் ஐந்து பேர் இருக்கும் சின்ன வீட்டுக்கே வாடகை 9,000 வையுங்கள். கரண்டுக்கு ஓனர் யூனிட் எட்டு ரூபாய் போட்டால் மாதம் 800. தண்ணீர் கேன் வாரத்துக்கு நான்கு என்றால் 560. இன்று வீட்டில் கறக்கிற பாலை அங்கே பாக்கெட்டில் வாங்க வேண்டும், நாளைக்கு ஒரு லிட்டருக்கு மாதம் 1,300-க்கு மேல். இதுவே 11,600 தாண்டிவிட்டது. மீதி நாலாயிரத்து சொச்சத்தில் ஐந்து பேர் சாப்பிட முடியாது. மாடும் போய்விடும், சொசைட்டிப் பால் காசும் நின்றுவிடும். அட்வான்ஸுக்குக் கடன் வாங்குவது தனி.

மாடுதான் உங்கள் காலை நேரத்தைத் தீர்மானிக்கிறது. வண்டிக்கு நேரமாகிறது என்ற அவசரத்தில் பாதியில் கறவையை நிறுத்துபவர்கள் நிறைய. மடியில் பால் தங்கினால் மடி நோய் வரும். மாட்டுக்கு ஒரு முறை மடி நோய் வந்தால் வைத்தியச் செலவு ஒரு பக்கம், மருந்து போடும் நாட்களில் பாலைச் சொசைட்டிக்கு ஊற்ற முடியாத நஷ்டம் ஒரு பக்கம். மடியைக் கழுவி, துணியால் ஒற்றி, முதல் இரண்டு மூன்று பீச்சுப் பாலைத் தனிக் கிண்ணத்தில் விட்டுத் திரி திரியாக இருக்கிறதா என்று பாருங்கள். மடியைத் தொட்டுக் கழுவியதும் மாடு பாலைச் சுரக்க விடுகிறது. அந்தச் சுரப்பு ஐந்து முதல் ஏழு நிமிஷம்தான் நிற்கும். அதனால் இரண்டு மாட்டையும் ஒன்றாகக் கழுவி வைத்துவிட்டு ஒவ்வொன்றாகக் கறக்காதீர்கள். ஒன்றைக் கழுவி, கறந்து முடித்த பிறகே அடுத்தது. கறந்ததும் தீவனம் வைத்து மாட்டை அரை மணி நேரமாவது நிற்க வையுங்கள். காம்பின் துவாரம் மூட நேரமாகும், உடனே சாணத்தில் படுத்தால் கிருமி உள்ளே போகும். அடர்தீவனம் உடம்புக்கு ஒன்று முதல் ஒன்றரை கிலோ, அதற்கு மேல் கறக்கிற இரண்டரை லிட்டருக்கு ஒரு கிலோ. இதைக் குறைத்தால் பாலின் சத்து குறையும், சொசைட்டியில் விலையும் குறையும். காலைக் கறவை உங்களுடையது, மாலைக் கறவை உங்கள் மனைவியுடையது. அவர் படுத்தால் எல்லாம் நின்றுவிடும் என்பதால் பையனையும் பழக்கி வையுங்கள். இரண்டு மாடும் ஒரே நேரத்தில் வற்றாதபடி சினை ஊசியை இரண்டுக்கும் நாலைந்து மாத இடைவெளியில் போடுங்கள். கன்று போடுவதற்கு இரண்டு மாதம் முன்பு கறவையை நிறுத்த வேண்டும், அந்த நேரத்தில் மற்றது கறவையில் இருக்க வேண்டும்.

மதியச் சோற்றோடு காலை டிபனையும் வீட்டிலேயே கட்டிக்கொண்டால் அந்த 1,300 அப்படியே மிஞ்சும். இதற்காக மனைவி விடியற்காலையில் இரண்டு சமையல் செய்ய வேண்டியதில்லை. ராத்திரியே மாவு அரைத்து வைத்தால் இட்லி ஊற்றிவிட்டுப் பாத்திரத்தை அடுப்பில் வைக்க ஐந்து நிமிஷம். பாலை ஊற்றிவிட்டு நீங்கள் வருவதற்குள் வெந்துவிடும்.

ரயிலுக்கு வருவோம். உங்கள் ஸ்டேஷனில் காலையில் உட்கார இடம் கிடைக்கும், திருவள்ளூரில்தான் பெட்டி நிரம்பும். எஸ்டேட்டுக்குப் பக்கத்து ஸ்டேஷனான பட்டரவாக்கம் வரை ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். இந்த நேரத்தைத் தூங்குவதற்கே வைத்துக்கொள்ளுங்கள், போன் பார்க்க வேண்டாம். ஆவடி தாண்டியதும் எழும்படி அலாரம் வைத்தால் போதும். பாஸ்ட் வண்டி சீக்கிரம் போகும் என்று ஏறிவிட்டு, அது நீங்கள் இறங்கும் ஸ்டேஷனில் நிற்காததால் ஆவடியில் இறங்கி ஸ்லோவுக்குக் காத்திருந்தால் மிச்சப்பட்ட நேரம் அங்கேயே போய்விடும். எஸ்டேட்டில் உங்கள் கம்பெனி எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்துப் பட்டரவாக்கமா, அம்பத்தூரா, கொரட்டூரா என்று ஒரு வாரம் மாற்றி மாற்றி இறங்கிப் பாருங்கள். ஷேர் ஆட்டோ இல்லாமல் எங்கிருந்து நடந்து போக முடிகிறதோ அதுவே நீங்கள் இறங்கும் ஸ்டேஷன்.

எப்போதும் பிடிக்க வேண்டிய வண்டிக்கு முந்தின வண்டியைப் பிடியுங்கள். ஞாயிற்றுக்கிழமை வண்டிகள் குறைவு, பராமரிப்பு வேலை என்று சிலது ரத்தும் ஆகும். ஞாயிறு ஓவர்டைமுக்கு ஒத்துக்கொள்ளும் முன் அதைப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் வியாசர்பாடிக்கும் பேசின் பிரிட்ஜுக்கும் நடுவே தண்ணீர் ஏறினால் சென்ட்ரல் பக்கம் வண்டி நின்றுவிடும். அப்போது மாலையில் நீங்கள் வீடு திரும்ப அங்கிருந்து வண்டியே வராது. ஆவடிக்குப் போய் திருவள்ளூர் பஸ் பிடிப்பதுதான் வழி, அதற்கு ஒரு ஐம்பது ரூபாயைத் தனியே வைத்திருங்கள்.

சீசன் விஷயத்தில் மூன்று இடத்தில் மாட்டிக்கொள்வார்கள். போனில் எடுத்த சீசன், சார்ஜ் இறங்கிவிட்டால் இல்லாததற்குச் சமம். முன்பதிவுப் பெட்டியில் ஏறினாலும், தனிக் கட்டணம் கட்டாமல் சூப்பர்பாஸ்டில் ஏறினாலும் குறைந்தது 250 ரூபாய் அபராதம். தீர்ந்த சீசனோடு போனால் அபராதத்தைவிடப் பெரிய இழப்பு உண்டு. ஓடும் ரயிலிலிருந்து விழுந்து உயிர் போனால் ரயில்வே சட்டப்படி குடும்பத்துக்கு 8 லட்சம் கிடைக்கும், ஆனால் செல்லுபடியாகும் டிக்கெட் வைத்திருந்த பயணிக்குத்தான். தண்டவாளத்தைக் குறுக்கே தாண்டி அடிபட்டால் அந்தத் தொகை கிடையாது. நடைமேம்பாலம் ஏறி இறங்க நாலு நிமிஷம் ஆகும். தயவுசெய்து ஏறுங்கள், பிள்ளைகள் சின்னவர்கள்.

தூக்கத்தை நான் இவ்வளவு பேசுவதற்குக் காரணம் உங்கள் வேலை. நாலே காலுக்கு எழுந்து, பத்தரைக்குப் படுத்தால் ஆறு மணி நேரம்கூட இல்லை. எஸ்டேட்டில் பவர் பிரஸ்ஸில் விரல் போகிற கதை உங்களுக்கே தெரியும். சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் குளித்து, சாப்பிட்டு, ஒன்பதரைக்குள் படுத்துவிடுங்கள். ஷிப்ட் மாறும் வாரத்தில், முதல் நாள் பிரஸ் பக்கம் போடாமல் வேறு மெஷின் கேளுங்கள்.

இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள் என்றால் அதை முழுசாகப் பயன்படுத்துங்கள். 2010-இல் வந்த திருத்தத்திலிருந்து, வீட்டிலிருந்து வேலைக்குப் போகும்போதும் திரும்பும்போதும் நடக்கும் விபத்தும் வேலைக் காயமாகவே கருதப்படும். நேரமும் வழியும் வேலைப் பயணத்தோடு பொருந்தினால் போதும். பைக்கில் ஸ்டேஷனுக்குப் போகும்போது விழுந்தாலும் அன்றைக்கே கம்பெனிக்குத் தெரிவித்து விபத்துப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். இரண்டு வாரம் கழித்துச் சொன்னால் நிரூபிப்பது கஷ்டம். குடும்பம் இருக்கும் ஊருக்குப் பக்கத்து மருந்தகத்தைக் கேட்டுப் பதியுங்கள். அம்பத்தூர் மருந்தகம் மட்டும் இருந்தால் அம்மாவுக்கு மாத்திரை வாங்க யாராவது ஒரு நாள் வேலையை விட வேண்டும். காய்ச்சலில் படுத்தால் மருத்துவச் சான்றோடு சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும், வருஷத்துக்கு 91 நாள் வரை. அதற்கு முந்தைய ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாள் சந்தா விழுந்திருக்க வேண்டும். கான்ட்ராக்டர் மாறும்போது இந்தக் கணக்கு அறுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடனைப் பற்றி ஒரு வார்த்தை. மாட்டுக்கு உடம்பு சரியில்லை, பீஸ் கட்ட வேண்டும் என்று தண்டல் வாங்குவார்கள். பத்தாயிரம் என்று சொல்லி கையில் 8,500 தருவார்கள், நாளைக்கு 100 வீதம் 100 நாள். தினமும் அசல் குறைந்துகொண்டே வருவதால், நூறு நாளில் கொடுக்கிற 1,500 வட்டி வருஷக் கணக்கில் நூறு சதவீதத்தைத் தாண்டுகிறது. அதே 8,500-ஐ வங்கியில் நகை வைத்து பத்து சதவீதத்தில் வாங்கினால் நூறு நாளைக்கு வட்டி 250 ரூபாய்க்குள். நகை இல்லையென்றால் மனைவியின் மகளிர் குழுக் கடன். தண்டல் வேண்டவே வேண்டாம். வருஷத்துக்கு 20 ரூபாய்க்கு 2 லட்சம் விபத்துக் காப்பீட்டை வங்கிக் கணக்கிலேயே எழுதிக் கொடுத்து எடுத்துக்கொள்ளலாம். மே மாதக் கடைசியில் கணக்கில் இருப்பு இல்லாவிட்டால் நின்றுவிடும், அதை மட்டும் கவனியுங்கள். பெண்ணுக்குப் பத்து வயது முடிவதற்குள் தபால் ஆபீஸில் செல்வமகள் கணக்கு தொடங்கிவிடுங்கள், வருஷத்துக்கு 250 ரூபாய் போட்டாலும் கணக்கு உயிரோடு இருக்கும்.

சென்னைக்கு மாறச் சொல்பவர்கள் பள்ளிக்கூடத்தைக் காரணம் காட்டுவார்கள். பையன் ஆறாவது வந்துவிட்டான், அதனால் இதை நன்றாக யோசியுங்கள். ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியிலேயே படித்தால் மருத்துவத்திலும் பொறியியலிலும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. கல்லூரி சேர்ந்ததும் மாதம் 1,000 ரூபாய் உதவித்தொகையும் இருக்கிறது: பெண்களுக்குப் புதுமைப் பெண், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன். நடுவில் இரண்டு வருஷம் தனியார் பள்ளியில் போட்டுவிட்டுத் திரும்பினால் அந்த ஒதுக்கீடு போய்விடும். மாறினாலும் அரசுப் பள்ளியிலிருந்து அரசுப் பள்ளிக்கே மாற்றுங்கள்.

எப்போது மாறலாம்? ஓவர்டைம்தான் அதைச் சொல்லும். சட்டப்படி ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம். உங்களுக்கு மணிக்கு 173 ரூபாய். இரண்டு மணி நேரம், மாதத்துக்குப் பன்னிரண்டு நாள் என்றால் 4,150 வரும். வண்டிக்குப் பயந்து அதை விடுகிறீர்கள் என்றால் அந்தக் காசு வாடகையில் கிட்டத்தட்ட பாதியைக் கொடுக்கும். ஆனால் கம்பெனி ஒற்றைச் சம்பளம்தான் போடுகிறது, அதுவும் ஆர்டர் வந்தால்தான் என்றால் அதை நம்பி வீடு எடுக்காதீர்கள். ஆறு மாதச் சம்பளச் சீட்டைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

அப்படி மாறினாலும் நேரே அம்பத்தூர் வேண்டாம், திருவள்ளூர் பாருங்கள். வாடகை குறைவு, அம்மாவுக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அதே ஊரில், பட்டரவாக்கத்துக்குப் பயண நேரமும் குறைவு, வண்டிகளும் உங்கள் ஸ்டேஷனைவிட அதிகம். ரேஷன் கார்டை உடனே மாற்ற வேண்டியதில்லை, கைரேகை வைத்து அங்கேயே பொருள் வாங்கலாம். ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிஷ நடையில் வீடு இருக்க வேண்டும். அதைத் தாண்டினால் மறுபடி பைக், ஸ்டாண்டு, பெட்ரோல் எல்லாம் வந்துவிடும். ஒரு நல்ல மழை பெய்த மறுநாள் போய்த் தெருவைப் பாருங்கள். அட்வான்ஸ் கொடுக்கும் முன் தனி மீட்டரா என்று கேளுங்கள். தனி மீட்டர் என்றால் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் உங்களுக்கே கிடைக்கும், இல்லாவிட்டால் யூனிட்டுக்கு ஓனர் சொல்வதுதான் விலை.