வெந்த முட்டையும் வேகாத கேள்வியும்

கேள்வி: வேகவைத்த முட்டையைத் திரும்பவும் பச்சை முட்டையாக்கினார்கள் என்று விஞ்ஞானிகளுக்குப் பரிசெல்லாம் கொடுத்தார்களாமே! நான் அன்றன்றைக்கு இட்ட முட்டையாகப் பார்த்து வாங்கித்தான் அவிக்கிறேன். உரித்தால் பாதி வெள்ளைக்கரு ஓட்டோடு போய்விடுகிறது. அதற்கு வழி சொல்லத் துப்பில்லை, வெந்ததை வேகாததாக்க ஓர் ஆராய்ச்சியா? பி.கு: கோழி முதலா, முட்டை முதலா? அதையாவது சொல்லட்டும்.

பதில்: பரிசு கொடுத்தது உண்மைதான். 2015-இல், வேதியியலுக்கான இக் நோபல். முதலில் சிரிக்க வைத்து அப்புறம் யோசிக்க வைக்கிற ஆராய்ச்சிகளுக்குத் தருவது. நீங்கள் முதல் பாதியோடு எழுந்து போய்விட்டீர்கள்.

முட்டையை யாரும் முழுசாக ஓட்டுக்குள் திருப்பி அனுப்பவில்லை. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தைச் சேர்ந்த கிரெகரி வைஸ், ஆஸ்திரேலியாவின் ஃபிளிண்டர்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த காலின் ராஸ்டன் ஆகியோரின் குழு வெள்ளைக்கருவை 90 டிகிரியில் 20 நிமிடம் வேகவைத்தது. கெட்டியானதை யூரியா போட்டுக் கரைத்தது. பிறகு அந்தக் கரைசலை வேகமாகச் சுழலும் ஒரு கண்ணாடிக் குழாயில் விட்டது. புரதம் என்பது மடித்துச் சுருட்டி வைத்த நூல் மாதிரி. சூடு பட்டால் பிரிந்து பக்கத்து நூல்களோடு சிக்கிக்கொள்ளும். சுழற்சியின் இழுப்பு அந்தச் சிக்கை எடுத்தது. லைசோசைம் என்ற புரதம் பழைய மடிப்புக்கே திரும்பி, மறுபடி வேலையும் செய்தது. அவ்வளவுதான். அதை ஊற்றி ஆம்லெட் போடலாமா என்று அடுத்த கடிதம் எழுதிவிடாதீர்கள். யூரியா என்று சொன்னேன், கவனித்தீர்கள்தானே?

இதனால் யாருக்கு என்ன லாபம்? மருந்துக்கு வேண்டிய புரதங்களை பாக்டீரியாக்களைக் கொண்டு தயாரிக்கும்போது அவை பல சமயம் இப்படித்தான் சிக்கி உருண்டு கிடக்கும். அதைப் பிரித்தெடுக்க நாள்கணக்கில் ஆகிற வேலையை இந்த முறை நிமிடங்களில் முடித்தது. முட்டை ஒத்திகைக்கு வந்த ஆள். விலை குறைவு, வீணானால் யாரும் அழப்போவதில்லை.

இனி உங்கள் உரிப்புப் பிரச்சினை. துப்பில்லை என்கிறீர்கள். விடை கண்டுபிடித்து எவ்வளவோ காலமாகிவிட்டது, கேட்காதது நீங்கள். குற்றவாளி, நீங்கள் பெருமையாகச் சொன்ன அந்த ‘அன்றன்றைக்கு’தான். புது முட்டையின் வெள்ளைக்கருவில் கரியமில வாயு கரைந்திருக்கும். அது இருக்கும்வரை காரத்தன்மை குறைவு. வெந்ததும் வெள்ளைக்கரு ஓட்டுக்கு அடியிலுள்ள சவ்வை உடும்புப் பிடியாகப் பிடித்துக்கொள்ளும். ஓட்டில் ஆயிரக்கணக்கில் நுண்துளைகள் இருக்கின்றன. நாளாக ஆக வாயு அவற்றின் வழியே வெளியேறிவிடும். காரத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 8-க்குக் கீழே இருந்தது 9-ஐத் தாண்டும். பிடி தளரும். அதனால் ஒரு வாரம் ஃபிரிட்ஜில் வைத்திருந்து அவியுங்கள். அவ்வளவு பொறுமை இல்லையென்றால், பச்சைத் தண்ணீரில் போட்டு அடுப்பைப் பற்றவைக்காமல், கொதிக்கிற தண்ணீரில் இறக்குங்கள். சட்டென்று சூடு பட்ட வெள்ளைக்கரு சவ்வோடு அவ்வளவாக ஒட்டாது. உப்பு போடு, வினிகர் ஊற்று என்று ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். தலையை மட்டும் ஆட்டி வையுங்கள்.

மஞ்சள்கருவைச் சுற்றிப் பச்சை வளையம் வருகிறது என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் வரும் என்று பந்தயம் கட்டுவேன். அடுப்பில் முட்டையை வைத்துவிட்டுப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதுகிறவர்களுக்கு அது வந்தே தீரும். அளவுக்கு மீறி வெந்தால் வெள்ளைக்கருவின் கந்தகமும் மஞ்சள்கருவின் இரும்பும் சேர்வதால் உண்டாவது. சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது.

உங்கள் கோபத்துக்குத் தகுந்த ஆராய்ச்சி ஒன்றை நானே எடுத்துக் கொடுக்கிறேன். வெள்ளைக்கரு சரியாக இறுக 85 டிகிரி வேண்டும், மஞ்சள்கருவுக்கு 65 டிகிரி போதும். ஒரே பாத்திரத்தில் வெந்தால் ஏதோ ஒன்று விட்டுக்கொடுத்தாக வேண்டும். 2025-இல் இத்தாலியைச் சேர்ந்த குழு ஒன்று இதற்கு வழி கண்டது. முட்டையை 100 டிகிரி நீரிலும் 30 டிகிரி நீரிலும் 2 நிமிடத்துக்கு ஒரு தரம் மாற்றி மாற்றி, மொத்தம் 32 நிமிடம் வைக்க வேண்டுமாம். முட்டை பிரமாதமாகத்தான் வரும். அதற்குள் பசியோடு உட்கார்ந்திருப்பவர்களின் வயிறு வெந்துவிடும். திட்டுவதென்றால் இதைத் திட்டுங்கள், நானும் கூடச் சேர்ந்துகொள்கிறேன்.

பின்குறிப்புக்கு: முட்டைதான் முதல். கோழி என்று ஒன்று தோன்றுவதற்குப் பல கோடி ஆண்டுகள் முன்பே மீன்களும் ஊர்வனவும் முட்டையிட்டுக்கொண்டிருந்தன. ‘நான் கேட்டது கோழி முட்டையை’ என்று மடக்குவீர்கள். கோழி என்று சொல்ல முடியாத ஏதோ ஒரு பறவை இட்ட முட்டையிலிருந்துதான் முதல் கோழி வந்திருக்க வேண்டும். அந்த முட்டையை இட்டவள் பெயரில் எழுதுவதா, பொரிந்து வந்தவள் பெயரில் எழுதுவதா என்பதை உங்கள் வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.