ஆசிரியப் பணியில் நிறைவு – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஆறு, ஏழாம் வகுப்புகளுக்குக் கணக்கு எடுக்கிறேன். வேலைக்கு வந்து பதினொரு வருடம் ஆகிறது. பாடத்தை முடிக்கிறேன், தேர்வு வைக்கிறேன், தாள் திருத்துகிறேன். அடுத்த ஆண்டு புது முகங்கள். நான் நடத்தியதால் யாருக்காவது ஏதாவது ஆனதா என்றே தெரியவில்லை. இந்த வேலைக்கு அர்த்தம் உண்டு என்று எப்படி நம்புவது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

'யாருக்காவது ஏதாவது ஆனதா என்றே தெரியவில்லை' என்கிறீர்கள். உங்கள் சோர்வின் வேர் அந்த வரியில்தான் இருக்கிறது. நாற்காலி ஆடுகிறதா என்று தச்சருக்கு அன்றைக்கே தெரிந்துவிடும். ஆசிரியருக்குத் தெரிய மாதங்களாகும். அதுவும் மதிப்பெண்ணாக வரும், அதில் உங்கள் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க முடியாது.

தாமஸ் கஸ்கி என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1986-இல் எழுதியது உங்களுக்கு உதவும். முதலில் ஆசிரியரின் மனதை மாற்றினால் பிறகு அவர் கற்பிக்கும் முறை மாறும் என்றுதான் பயிற்சி வகுப்புகள் எதிர்பார்க்கின்றன. கஸ்கி அந்த வரிசையைத் திருப்பிப் போட்டார். ஆசிரியர் முறையில் ஏதோ ஒன்றை மாற்றுகிறார், பிள்ளைகளிடம் பலன் தெரிகிறது, அதைக் கண்ணால் பார்த்த பிறகே நம்பிக்கை வருகிறது. ஆகவே அர்த்தத்தை யோசித்துத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். பலன் உங்கள் கண்ணில் படும்படி வகுப்பை அமைத்துக்கொள்ளுங்கள்.

பாடவேளையின் கடைசி ஐந்து நிமிடம், அரைத்தாள், ஒரே ஒரு கணக்கு. 'புரிந்ததா?' என்று கேட்டால் எல்லாத் தலையும் ஆடும், அதனால் பயனில்லை. தப்பாகப் போட்டாலும் பிள்ளை எப்படி யோசித்தது என்று காட்டிக்கொடுக்கும் கணக்காக இருக்கவேண்டும். 1/2 + 1/3 கொடுங்கள். சிலர் 2/5 என்று எழுதுவார்கள். தொகுதியோடு தொகுதியையும் பகுதியோடு பகுதியையும் கூட்டியிருக்கிறார்கள். பின்னம் என்பது ஒரே எண் என்பது அவர்களுக்கு இன்னும் பிடிபடவில்லை, மேலும் கீழுமாக இரண்டு எண்கள் என்றே பார்க்கிறார்கள். இவர்களுக்கு மீச்சிறு பொது மடங்கை மறுபடி நடத்தினால் இன்னொரு விதியை மனப்பாடம் செய்துகொள்வார்கள், அவ்வளவுதான். '2/5 அரையைவிடப் பெரியதா, சின்னதா?' என்று கேளுங்கள். அரையோடு மூன்றில் ஒரு பங்கைக் கூட்டியிருக்கிறோம், வந்திருப்பதோ அரையைவிடக் குறைவு! பிள்ளை அந்த இடத்தில் நின்று யோசிக்கும்.

நாற்பது தாளைப் பிரிக்கப் பத்து நிமிடம் போதும். சரியானவை ஒரு கட்டு, தவறு எங்கே என்று தெரிகிறவை ஒரு கட்டு, வெற்றுத்தாள்கள் ஒரு கட்டு. மறுநாள் பாடத்தை நடுக்கட்டிலிருந்து ஒரு விடையைப் பெயர் சொல்லாமல் பலகையில் எழுதித் தொடங்குங்கள். மதிப்பெண் போடவே கூடாது. போட்டால் பக்கத்துத் தாளைப் பார்த்து எழுதுவார்கள், பிறகு அந்தக் கட்டு உங்களுக்கு எதையும் சொல்லாது. இரண்டு வாரம் கழித்து எண்களை மட்டும் மாற்றி அதே கணக்கைக் கொடுங்கள். மறுநாளே வரும் சரியான விடை வெறும் ஞாபகமாக இருக்கலாம். மூன்று நான்கு பிள்ளைகளின் இரண்டு தாள்களையும் தேதி போட்டுச் சேர்த்து வையுங்கள். வகுப்பில் முதலாக வரும் மாணவர்களை விட்டுவிடுங்கள், நீங்கள் இல்லாவிட்டாலும் அவர்கள் படித்துக்கொள்வார்கள்.

இது பெரும்பாலும் ஆர்வக்கோளாறால்தான் நின்றுபோகிறது. எல்லா வகுப்பிலும் தினமும் ஆரம்பித்தால் இரண்டாம் வாரமே தாள்கள் பிரிக்கப்படாமல் குவியும். பிரிக்காத தாளைப் பிள்ளைகள் சீக்கிரம் மோப்பம் பிடித்துவிடுவார்கள், அப்புறம் ஏனோதானோ என்றுதான் எழுதுவார்கள். ஒரு வகுப்பு, வாரம் இரண்டு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கூடவே இன்னொன்று. கேள்வி கேட்டதும் மனதுக்குள் மூன்று எண்ணுங்கள். மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் 1970-களில் வகுப்புகளைப் பதிவுசெய்து ஆராய்ந்தபோது, ஆசிரியர்கள் பதிலுக்காகக் காத்திருந்தது ஏறக்குறைய ஒரு விநாடிதான். மூன்று விநாடிக்கு மேல் காத்திருந்த வகுப்புகளில் பதில்கள் நீண்டன, வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள்.

பதிவேடு, படிவம், கூட்டம் என்று உங்களை அரைக்கும் வேலைப்பளுவை இது குறைக்காது. அதற்கு நிர்வாகத்திடம்தான் பேசவேண்டும். அந்தக் களைப்பையும் இந்த வெறுமையையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

இரண்டாம் தாளிலும் அதே தவறு வந்தால் விதியை விட்டுவிட்டுப் படத்துக்குப் போங்கள். ஆறு சமக் கட்டங்கள் கொண்ட ஒரு பட்டை. அதில் பாதியை, அதாவது மூன்று கட்டத்தை, ஒரு நிறத்தில் தீட்டச் சொல்லுங்கள். முழுப் பட்டையில் மூன்றில் ஒரு பங்கு எத்தனை கட்டம் என்று பிள்ளையே எண்ணி, அந்த இரண்டை வேறு நிறத்தில் தீட்டட்டும். விடையை நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.